அதே தண்டவாளம், புதிய பயணச்சீட்டு

தமிழாசிரியனுக்குக் கணினி விளையாட்டில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. தீபாவளி முடிந்து பள்ளி திறந்ததும், கையில் சேர்ந்த அங்பாவ் பணத்தை என்ன செய்தீர்கள் என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். புத்தகம் வாங்கினேன் என்பவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். காலணி, கைப்பேசி உறை, இணைய விளையாட்டு என்றுதான் பட்டியல் நீளும். பிள்ளைகளின் காசு போகும் இடத்தை ஆசிரியனும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது.

நான் எழுத வந்தது தொடர்வண்டி ஓட்டும் பாவனை விளையாட்டுகளைப் பற்றி. ஆங்கிலத்தில் டிரெயின் சிமுலேட்டர் என்பார்கள். இந்த வகை விளையாட்டில் பகைவன் இல்லை, துப்பாக்கி இல்லை, யாரையும் வீழ்த்திப் பரிசு பெறுவதும் இல்லை. ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, நேர அட்டவணைப்படி வண்டியை எடுத்து, கைகாட்டி விளக்குகளைப் பார்த்து, வேகக் கட்டுப்பாட்டை மீறாமல், மேடையில் சரியான இடத்தில் நிறுத்திக் கதவைத் திறக்க வேண்டும். அவ்வளவுதான். இதில் என்ன சுவை என்று கேட்பவருக்கு விளக்கிப் புரியவைக்க முடியாது. ஆயிரம் டன் எடையுள்ள வண்டி, பிரேக்கைப் பிடித்த பின்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வழுக்கிக்கொண்டே போகும் அந்தப் பதற்றத்தை உணர்ந்தவருக்குத்தான் அது தெரியும். பொறுமையைக் கற்பிக்கும் விளையாட்டுகள் மிகக் குறைவு. அவற்றுள் இதுவும் ஒன்று என்பது என் துணிபு.

ஆனால், அண்மைய ஆண்டுகளில் இவ்விளையாட்டின் அன்பர்களிடம் பேச்சுக் கொடுத்தால் மகிழ்ச்சியை விட மனக்கசப்பே மேலோங்கி நிற்கிறது. காரணம் ஒன்றே. ஒரு பதிப்பை வாங்கி அதன் வழுக்கள் தீரும் என்று காத்திருக்கும்போதே அடுத்த எண்ணிட்ட பதிப்பு விற்பனைக்கு வந்துவிடுகிறது. பழையதில் இருந்த குறை புதியதிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. புதிய எண்ணுக்கு மட்டும் புதிய காசு!

இந்தக் கசப்பு மற்ற விளையாட்டுகளின் இரசிகர்களுக்கு வரும் கசப்பைப் போன்றதன்று. பந்தாட்ட விளையாட்டிலும் ஆண்டுக்கொரு பதிப்பு வருகிறது. ஆட்டக்காரர்களின் பெயர் மாறுகிறது, சட்டை மாறுகிறது, வாங்குகிறவனும் தெரிந்தேதான் வாங்குகிறான். தொடர்வண்டி விளையாட்டில் ஒருவன் வாங்குவது ஒரு வழித்தடத்தை. அந்த வழித்தடத்தை அவன் கற்றுக்கொள்ள வேண்டும். எந்த வளைவுக்கு முன் வேகத்தைக் குறைப்பது, எந்தப் பாலத்தைத் தாண்டியதும் பிரேக் பிடித்தால் மேடையில் சரியாக நிற்கும், எந்த ஏற்றத்தில் சரக்கு வண்டி மூச்சு வாங்கும் என்பவை எல்லாம் பல வாரப் பயிற்சியில் வருபவை. பிரிட்டனில் உண்மையான ஓட்டுநர்களும் ஒரு தடத்தை முற்றாக அறிந்துகொண்டதாகக் கையொப்பமிட்ட பிறகே அத்தடத்தில் தனியாக வண்டி ஓட்ட இயலும். ஆக, இவ்விளையாட்டில் காசைவிடப் பெரிய முதலீடு விளையாடுபவனின் காலமும் கற்றலுமே. அப்படிக் கற்ற தடம் புதிய பதிப்பில் ஓடாது என்றாலோ, ஓடினாலும் பழைய குறையோடுதான் ஓடும் என்றாலோ அவனுக்குக் கோபம் வராதா?

கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும்.

2001இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் டிரெயின் சிமுலேட்டர் என்ற பெயரிலேயே ஒரு விளையாட்டை வெளியிட்டது. ஆக்கியவர்கள் பிரிட்டனைச் சேர்ந்த குஜு நிறுவனத்தார். அமெரிக்காவில் இரண்டு, ஜப்பானில் இரண்டு, இங்கிலாந்திலும் ஆஸ்திரியாவிலும் ஒவ்வொன்று என ஆறு வழித்தடங்கள் பெட்டிக்குள் இருந்தன. அதனுள்ளேயே புதிய தடங்களையும் வண்டிகளையும் ஆக்கிச் சேர்த்துக்கொள்ளும் வசதியும் இருந்தது. இதற்கு இரண்டாம் பதிப்பு வரும் என்று அறிவித்தார்கள், கைவிட்டார்கள். 2007இல் மீண்டும் அறிவித்தார்கள். 2009 சனவரியில் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். இரண்டு முறை ஏமாற்றம். ஆனால் விந்தையைப் பாருங்கள். அடுத்த பதிப்பு வராததாலேயே முதற்பதிப்பு நீண்ட ஆயுள் பெற்றது. உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தத்தம் ஊர்த் தண்டவாளங்களைத் தாமே ஆக்கி இலவசமாகப் பகிர்ந்துகொண்டார்கள். இந்திய ஆர்வலர்களும் இதில் சளைத்தவர்கள் அல்லர். இந்திய இரயில்வேயின் டீசல், மின்சார இன்ஜின்களையும் பெட்டிகளையும் வண்ணம் மாறாமல் ஆக்கி வெளியிட்டார்கள். பின்னர், மைக்ரோசாப்ட் விளையாட்டுக்கென ஆக்கப்பட்ட அத்தனையையும் இன்றைய கணினிகளில் ஓட்டிக்காட்டும் ஓப்பன் ரெயில்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளைத் தன்னார்வலர்கள் உருவாக்கினார்கள். அதன் முதல் முழுப் பதிப்பு 2015இல் வந்தது. காசு கேட்காத அடுத்த பதிப்பு என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

மைக்ரோசாப்டுக்கு ஆக்கிக்கொடுத்த அதே குஜு நிறுவனத்தார் 2007இல் ரெயில் சிமுலேட்டர் என்ற தனி விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். அது பின்னர் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போய் 2009இல் ரெயில்வொர்க்ஸ் ஆயிற்று. பிறகு டிரெயின் சிமுலேட்டர் 2012, 2013 என்று ஆண்டெண் தாங்கி வளர்ந்தது. அந்நிறுவனத்தின் இன்றைய பெயர் டவ்டெயில் கேம்ஸ். ஆண்டுதோறும் எண் மாறினாலும், ஸ்டீம் இணையக் கடையில் முன்பே வாங்கியிருந்தவர்களுக்கு அடிப்படை மென்பொருளின் மேம்பாடு இலவசமாகவே வந்து சேர்ந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2018இல் 64 பிட் அமைப்புக்கு மாறியபோதும் அப்படித்தான். புதிய வழித்தடம் வேண்டுமானால் தனியாக வாங்கிக்கொள், பழைய தடங்கள் அங்கேயே இருக்கும் என்பது அன்றைய ஏற்பாடு. 2022இல் அதற்கு டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக் என்று பெயர் சூட்டி ஓரமாக அமர்த்திவிட்டார்கள்.

அந்த விளையாட்டின் துணைப்பொதிகள் அனைத்தையும் வாங்கினால் ஆயிரக்கணக்கான அமெரிக்க வெள்ளி ஆகும் என்று செய்தித்தாள்கள்கூடக் கேலி செய்தன. அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடு இல்லை. புத்தகக் கடையில் உள்ள அத்தனை நூல்களின் விலையையும் கூட்டி, படிப்பது எவ்வளவு செலவாகும் பாருங்கள் என்று யாராவது சொல்வார்களா? வேண்டியவன் வேண்டியதை வாங்குகிறான். ஒரு வழித்தடத்தை ஆக்குவது சிறு வேலையன்று. நூறு கிலோமீட்டர் தடம் என்றால் நூறு கிலோமீட்டருக்கும் ஏற்ற இறக்கம், வளைவு, கைகாட்டி, நிலையம், மரம், வீடு என்று அத்தனையும் கையால் வைக்கப்பட வேண்டும். இரயில் நிறுவனத்தின் பெயரையும் வண்ணத்தையும் பயன்படுத்த அனுமதி பெற வேண்டும். இன்ஜினின் ஒலியைப் பதிவுசெய்ய ஆளனுப்ப வேண்டும். வாங்குகிறவர்களோ பந்தாட்ட விளையாட்டு வாங்குவோரில் சிறு பங்கு. எனவே ஒரு தடத்துக்கு 30, 40 அமெரிக்க வெள்ளி கேட்டால், நம் காசுக்கு மாற்றிப் பார்க்கும்போது வயிறு எரிந்தாலும், அதை அநியாயம் என்று சொல்லிவிட இயலாது.

சிக்கல் தொடங்கியது அதே நிறுவனத்தின் அடுத்த வரிசையில். டிரெயின் சிம் வேர்ல்ட் என்பது அதன் பெயர். ஓட்டுநர் அறையிலிருந்து எழுந்து நடக்கலாம், மேடையில் இறங்கலாம், காட்சிகள் கண்ணைப் பறிக்கும். 2017இல் முழுமையாக வெளிவந்தது. 2019இல் வந்த ‘2020’ பதிப்பை முன்பு வாங்கியவர்கள் கட்டணமின்றிப் பெற்றார்கள். 2020 ஆகஸ்டில் வந்த இரண்டாம் எண்ணுக்குக் காசு. 2022 செப்டம்பரில் மூன்றாம் எண். 2023 செப்டம்பரில் நான்கு. 2024 செப்டம்பரில் ஐந்து. 2025 செப்டம்பரில் ஆறு. பள்ளித் தவணையைப் போல் நாள் தவறாமல் வருகிறது!

ஒவ்வோர் எண்ணோடும் ஏதாவது ஒரு புதுமையைச் சொல்கிறார்கள். மூன்றில் மாறும் வானிலை, நான்கில் புகைப்படம் எடுக்கும் வசதி, ஐந்தில் நடத்துநராகப் பயணச்சீட்டுச் சரிபார்க்கும் வேலை. புதுமை வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஆனால் விளையாடுபவர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பது வேறு. பாதி வழியில் சேமித்துவிட்டு மறுநாள் திறந்தால் முன்னால் போன வண்டியைக் காணவில்லை; கைகாட்டி சிவப்பிலேயே நின்றுவிடுகிறது; இன்ஜின் ஒலி உண்மையோடு ஒத்துப்போவதில்லை; பயணிகள் மேடையில் கூட்டமாய் நின்று ஏறாமலேயே இருக்கிறார்கள். இவற்றைத் திருத்தித் தாருங்கள் என்பதே அவர்களின் கோரிக்கை. ஐந்தாம் எண் வந்தபோது ஸ்டீம் கடையில் எதிர்மறை மதிப்பீடுகள் மிகுந்திருந்ததற்கு இதுதான் பின்னணி.

ஓர் எடுத்துக்காட்டு போதும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மலைப்பகுதியில் சேண்ட் பேட்ச் என்றொரு செங்குத்தான தடம். நிலக்கரி வண்டிகள் திணறித் திணறி ஏறும் இடம். டிரெயின் சிம் வேர்ல்ட் வரிசையின் முதல் வழித்தடமே அதுதான். சில ஆண்டுகள் கழித்து இரண்டாம் எண் வந்தபோது, பெட்டியில் இருந்த மூன்று தடங்களுள் ஒன்றாக அதே மலை மீண்டும் வந்து நின்றது. மெருகேற்றியிருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் அதே மலை! பழைய கள் புதிய மொந்தையில் என்று நம் மூத்தோர் சொன்னது இதைப் பார்த்துத்தானோ என்னவோ.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இந்தக் கதை புதிதன்று. பயிற்சி நூல்களை நினைத்துப் பாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ‘புதிய பதிப்பு’ என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டுக் கடைத்தொகுதிகளில் அடுக்கிவைப்பார்கள். அக்காளின் நூலைத் தம்பி பயன்படுத்தலாமே என்று பெற்றோர் கேட்டால், பக்க எண் மாறிவிட்டது, வகுப்பில் குழப்பமாகும் என்று பதில் வரும். நான் ஒருமுறை இரு ஆண்டுகளின் பதிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. மாறியிருந்தவை அட்டைப்படமும், முன்னுரையின் ஆண்டும், பயிற்சிகளின் வரிசையும். மாறாமல் இருந்தவற்றுள் முக்கியமானது, விடைப்பகுதியில் இருந்த சந்திப்பிழை. வலி மிகக்கூடாத இடத்தில் வலி மிகுந்து, இரண்டு ஆண்டுகளாக அப்படியே நின்றுகொண்டிருந்தது. கடிதம் எழுதினேன், ‘அடுத்த பதிப்பில் கவனிக்கிறோம்’ என்று பதில் வந்தது. அடுத்த பதிப்புக்கும் காசு கொடுக்க வேண்டியவர்கள் தோட்டத்திலிருந்தும் தொழிற்சாலையிலிருந்தும் வரும் பெற்றோர்கள்தாமே! 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டதும், அந்தத் தேர்வுக்கென்றே அச்சான நூல்கள் பழைய தாள் கடைக்குப் போயின. அது வேறு கதை. அதற்கு அச்சகத்தாரைக் குறைசொல்ல முடியாது.

நூலில் பிழையிருந்தால் பிழைதிருத்தம் ஒரு தாளில் அச்சிட்டு உள்ளே வைப்பது பழைய பதிப்பாளர்களின் மரபு. அந்தத் தாளுக்கு யாரும் விலை வைத்ததில்லை. இவ்விளையாட்டுகளில் நான் வைக்கும் அளவுகோலும் அதுவே. புதிய தடத்துக்குக் காசு கேட்கலாம், புதிய இன்ஜினுக்குக் கேட்கலாம், ஏன், கண்ணைக் கவரும் புதிய மேகத்துக்கும் மழைக்கும்கூடக் கேட்கலாம். விற்ற பொருள் விற்கும்போது சொன்னபடி இயங்கவில்லையெனில் அதைச் சரிசெய்வதற்குக் காசு கேட்கலாகாது. சரிசெய்யும் ஆட்களை எடுத்து அடுத்த எண்ணுக்கு வேலை செய்ய அனுப்புவதும் ஏறக்குறைய அதே குற்றம்தான். நேரடியாகக் காசு கேட்கவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அண்மைய எண்களில் இலவசத் தொடக்கப் பொதி ஒன்றைக் கொடுக்கிறார்கள். அதை இறக்கிக்கொண்டால் முன்பு வாங்கிய தடங்களைப் புதிய எண்ணுக்குள் கொண்டுபோகலாம். எண்ணுக்காகவே காசு கொடுக்க வேண்டிய கட்டாயம் இதனால் தளர்ந்திருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் தடத்தோடு அதன் வழுக்களும் மூட்டை கட்டிக்கொண்டு உடன் வருகின்றன என்பதுதான் விளையாடுபவர்களின் இன்றைய புலம்பல். வீடு மாறும்போது கரப்பான்பூச்சியும் பெட்டியோடு வருவது போல.

பிடிக்கவில்லையென்றால் காசைத் திருப்பிக் கேட்கலாமே என்பீர்கள். ஸ்டீம் கடையில் அதற்கு வழி இருக்கிறது. வாங்கிய பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பும். துப்பாக்கி விளையாட்டுக்கு இரண்டு மணி நேரம் தாராளம். தொடர்வண்டி விளையாட்டுக்கு? பிரேக் பிடிக்கவும் பாதுகாப்புக் கருவிகளை இயக்கவும் கற்பதற்கே முதல் ஒரு மணி நேரம் போய்விடும். ஒரு நீண்ட சரக்கு வண்டியை மலையேற்றி இறக்கும்போது இரண்டாவது மணியும் தீர்ந்துவிடும். மூன்றாம் நாள் மூன்றாம் பயணத்தில்தான் கைகாட்டி சிவப்பிலேயே நிற்பது தெரியவரும். அதற்குள் பணம் திரும்பப்பெறும் வாசல் சாத்தப்பட்டிருக்கும். எல்லாப் பண்டத்துக்கும் ஒரே படியால் அளந்தால் இப்படித்தான்.

உண்மையில் நாம் வாங்குவதுதான் என்ன? பொருளையா, பயன்படுத்தும் அனுமதியையா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இதற்கென 2024இல் ஒரு சட்டம் இயற்றியது. 2025 சனவரி முதல் நடப்புக்கு வந்த அச்சட்டத்தின்படி, மின்னிலக்கப் பொருளை விற்பவர், தாம் தருவது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று எழுதி விற்கக்கூடாது. ஸ்டீம் கடையும் காசு செலுத்தும் இடத்தில் அப்படியொரு குறிப்பை வைத்துவிட்டது. ஐரோப்பாவில் இன்னும் சூடு அதிகம். யுபிசாப்ட் நிறுவனம் தி குரூ என்ற காரோட்டும் விளையாட்டின் சேவையகத்தை 2024இல் மூடி, காசு கொடுத்தவர்களாலும் விளையாட முடியாதபடி செய்தது. அதைக் கண்டு எழுந்த இயக்கம், 2025 சூலைக்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டிவிட்டது. தொடர்வண்டி விளையாட்டுகள் பெரும்பாலும் இணையம் இல்லாமலும் ஓடக்கூடியவை. அப்படி ஒரே நாளில் செத்துப்போவதில்லை. கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன, அவ்வளவுதான்.

நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயமும் இருக்கிறது. துணி துவைக்கும் இயந்திரம் பழுதானால் அங்கே போகலாம். கடல்கடந்த ஒரு நிறுவனம் விற்ற கணினி விளையாட்டில் கைகாட்டி பச்சையாகவில்லை என்று ஸ்கூடாயிலிருந்து ஒருவர் போய் நின்றால் என்னாகும் என்று கற்பனை செய்தாலே சிரிப்பு வருகிறது. சிரித்துவிட்டுப் போகும் காரியமா என்பது வேறு.

நம் பிள்ளைகளுள் பலர் கணினியில் அல்ல, கைப்பேசியில்தான் விளையாடுகிறார்கள். அங்கே சென்னையிலிருந்து இயங்கும் ஹைபுரோ இன்டராக்டிவ் நிறுவனத்தின் இந்தியன் டிரெயின் சிமுலேட்டருக்கு நல்ல வரவேற்பு. இறக்கிக்கொள்ளக் காசில்லை; விளம்பரங்களாலும் உள்ளே விற்கும் பொருள்களாலும் வருவாய். தமிழ்நாட்டிலிருந்து ஒரு நிறுவனம் இந்தத் துறையில் தலைநிமிர்ந்து நிற்பது எனக்குப் பெருமைதான். எண்ணிட்ட பதிப்பு விற்கும் பழக்கம் அவர்களையும் விடவில்லை. யூரோ டிரெயின் சிமுலேட்டர் என்ற அவர்களின் மற்றொரு விளையாட்டுக்கு இரண்டாம் எண் வந்துவிட்டது. இலவசமாய்த் தொடங்கும் விளையாட்டில் எண் மாறினால் விளையாடுபவனின் பணப்பை அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை என்பது ஆறுதல். விளம்பரம் பார்த்துக் கழியும் நேரத்தைக் கணக்கில் எடுத்தால் அந்த ஆறுதலும் குறையும்.

ஜப்பானியர் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1996இல் தைத்தோ நிறுவனம் டென்ஷா டி கோ என்ற தொடர்வண்டி விளையாட்டைக் கேளிக்கைக் கூடங்களில் வைத்தது. பல பதிப்புகள் வந்து, 2004இல் பைனல், அதாவது இறுதி என்று பெயரிட்டே ஒன்றை வெளியிட்டார்கள். இறுதி என்றால் இறுதிதானே? 2017இல் மீண்டும் கேளிக்கைக் கூடத்துக்கு வந்தது. 2020இல் வீட்டுக்கும் வந்தது. விற்பனையாளரின் அகராதியில் ‘இறுதி’ என்பதற்குப் பொருள் வேறு போலும். ஆயினும் பதினாறு ஆண்டுகள் கழித்து வந்த பதிப்பை யாரும் கோபத்தோடு பார்க்கவில்லை. இடைவெளி வேலைக்கான காலம் என்பதை வாங்குகிறவனும் அறிவான். பன்னிரண்டு மாதத்தில் வருவதைத்தான் ஐயத்தோடு பார்க்கிறான்.

இத்தனை பதிப்புகள், இத்தனை எண்கள். இவற்றுள் நம் மலாயாத் தண்டவாளத்தை யாராவது விற்கிறார்களா? இலண்டன் யூஸ்டன் கிடைக்கும், பிராங்க்பர்ட் கிடைக்கும், கலிபோர்னியா கிடைக்கும். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்ட இந்நாட்டின் முதல் தண்டவாளம் கிடைக்காது. 1909இல் ஜொகூர் வரை வந்து சேர்ந்த தடமும் கிடைக்காது. அந்தத் தண்டவாளத்தில் கல்லுடைத்ததும், காடு வெட்டியதும், கட்டை சுமந்ததும் யாருடைய பாட்டன்மார் என்று இவ்வலைப்பூவைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நிலைய அதிபராகவும் எழுத்தராகவும் பணியாற்றியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் பிரிக்பீல்ட்சில் இருக்கிறார்கள். சந்தை சிறிது என்பதால் எந்த நிறுவனமும் இத்தடத்தை ஆக்கப்போவதில்லை. அதில் வருத்தப்பட்டுப் பயனில்லை, அது வணிகம்.

ஆகவே இந்தத் தடத்தை ஆக்க வேண்டுமானால் நம் பிள்ளைகள்தாம் ஆக்க வேண்டும். எண் மாறும் பதிப்புகளின் உண்மையான தீங்கு எனக்குப் புலப்படுவது இங்கேதான். ஒரு மாணவன் ஓராண்டு உழைத்து லாபிஸ் நிலையத்தை ஒரு விளையாட்டுக்குள் எழுப்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த எண் வந்து அடிப்படை மாறினால் அவன் எழுப்பியது பிழை காட்டி நிற்கும். ஆஸ்திரேலியாவில் 2001இல் தொடங்கிய டிரெயின்ஸ் விளையாட்டு, பயனர்களின் ஆக்கங்களாலேயே வளர்ந்தது. அங்கேயும் பழைய பதிப்புக்காக ஆக்கியதைப் புதிய பதிப்பு ஏற்க மறுத்து, ஆக்கியவர்களே உட்கார்ந்து செப்பனிட வேண்டிய நிலை வந்ததுண்டு. காசு கொடுத்து வாங்கியவனின் இழப்பைக் காசில் அளந்துவிடலாம். இலவசமாக ஆக்கிக் கொடுத்தவனின் இழப்பை எதில் அளப்பது? அதனால்தான், என்னிடம் வந்து எந்த விளையாட்டை வாங்கலாம் என்று கேட்கும் பழைய மாணவர்களிடம், முதலில் ஓப்பன் ரெயில்ஸை இறக்கிப் பார் என்கிறேன். காட்சி அழகில் அது போட்டியிட முடியாது. கற்பதும் கடினம். ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன் ஆக்கிய தடம் இன்றும் அதில் ஓடுகிறது. அதன் மூலநிரல் யாவருக்கும் திறந்திருப்பதால், ஒரு நிறுவனத்தின் விற்பனைத் திட்டத்துக்காக அது ஒருநாளும் கைவிடப்படாது.

இதில் அவசரமும் இருக்கிறது. 2011 சூன் 30ஆம் நாள் இரவு தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கிளம்பிய கடைசி வண்டியை ஜொகூர் சுல்தான் இப்ராகிம் அவர்களே ஓட்டி வந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்நிலையம் அன்றோடு மூடப்பட்டது. அதன் பிறகு கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை ஏறக்குறைய 190 கிலோமீட்டருக்கு மின்சார இரட்டைத் தண்டவாளம் போடப்பட்டது. 2025 டிசம்பரில் இ.டி.எஸ். வண்டி ஜொகூர் பாரு வரைக்கும் வந்துவிட்டது. மகிழ்ச்சியான செய்தி, கோலாலம்பூர் போக இனிப் பேருந்தில் இடுப்பு ஒடிய வேண்டியதில்லை. ஆனால் ஒற்றைத் தண்டவாளமும், தாழ்வான மேடையும், ஓட்டுக்கூரை நிலையமும், இரு வண்டிகள் ஒன்றுக்கொன்று காத்து நின்று வழிவிடும் வழக்கமும் இத்தடத்தில் இனி இல்லை. உண்மையான தடம் தன் அடுத்த பதிப்புக்கு மாறிவிட்டது. பழைய பதிப்பைத் திரும்ப இறக்கிக்கொள்ள வழியில்லை.

கெம்பாஸ் பாரு, கூலாய், லாயாங்-லாயாங், ரெங்கம், குளுவாங், பாலோ, பெக்கோக், லாபிஸ், சிகாமாட் ஆகிய ஊர்களில் இருந்தவர்கள், இரட்டைத் தண்டவாளம் வருவதற்கு முன் நிலையத்தில் எடுத்த புகைப்படங்களை வீட்டில் தேடிப் பாருங்கள். திருமணத்துக்குப் போனபோதோ, குளுவாங் நிலையத்தின் 1938ஆம் ஆண்டுக் காப்பிக் கடையில் உட்கார்ந்தபோதோ எடுத்தவையாக இருந்தாலும் போதும். முகங்களுக்குப் பின்னால் மேடையின் உயரம், தூணின் வண்ணம், பெயர்ப்பலகையின் எழுத்து, கைகாட்டிக் கம்பம் நின்ற இடம் எல்லாம் அவற்றில் இருக்கும். தடம் ஆக்கும் பிள்ளைகளுக்கு வேண்டியவை அவைதாம். படத்தின் பின்புறத்தில் ஊரையும் ஆண்டையும் எழுதிவையுங்கள்.